அகதி பயத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டால்: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

மேடையில் ஒருவர் "வெளியில இருந்து வந்தவங்களாலதான் உங்களுக்கு இல்லாமப் போச்சு" என்று பேசத் தொடங்கினால், முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் யாரைக் குற்றம் சொல்கிறாரோ அவர்களுக்கு ஓட்டு கிடையாது. கவுன்சிலரைத் திட்டினால் அவர் மறுநாளே பதில் கூட்டம் போடுவார். காண்டிராக்டரைத் திட்டினால் வக்கீல் நோட்டீஸ் வரும். புகலிடம் தேடி வந்தவரைத் திட்டினால் திருப்பிக் கேட்க ஆள் இல்லை. இந்தப் பேச்சு உலகம் முழுக்க எடுபடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

நம் மாவட்டத்துக்கு இது இரண்டு வழியில் வருகிறது. பெருமாள்புரம், பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அவர்களைப் பற்றிய பேச்சு ஒரு வழி. பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நர்ஸாகவும் கேர் ஹோம் வேலையிலும் இருக்கும் நம் பிள்ளைகள் குடும்ப குரூப்பில் அனுப்பும் செய்திகள் இன்னொரு வழி. "நாங்க வரி கட்டுறோம், படகுல வர்றவனுக்கு ஓட்டல் ரூம்" என்பது அந்த வகை. வாசகசாலை, மீனவர் சங்கம், இளைஞர் மன்றம், மகளிர் குழு என்று எங்கே இதைப் பேச வேண்டி வந்தாலும் கீழே உள்ள முறை உதவும்.

சொற்களைப் பிரித்துக்கொள்வது

பேச்சாளர் நான்கு விதமான ஆட்களை ஒரே மூட்டையாகக் கட்டுவார். அதை அவிழ்க்காமல் விவாதத்தில் இறங்கினால் தோற்றுப்போவீர்கள்.

போர், இனம், மதம், அரசியல் காரணங்களால் உயிருக்கு அஞ்சி நாட்டை விட்டு வந்தவர் அகதி. போரை மட்டும் விட்டுவிட்டால், 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை தரும் பொருளும் ஏறத்தாழ இதுதான். அந்தத் தகுதி கேட்டு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் புகலிடம் கோருபவர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். இவர்கள் இந்தியக் குடிமக்கள். அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை பெற்றவர்கள் இவர்களில் உண்டு. நான்காவது, மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வரும் வடமாநிலத் தொழிலாளி. அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு தரும் உரிமையோடு வருபவர் அவர். அவரை 'ஊடுருவியவர்' என்றால் அது பொய்.

முகாமில் இருப்பவர் நிலைதான் சிக்கலானது. இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. 2003இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டப்படி உரிய ஆவணம் இல்லாமல் வந்த எவரும் 'சட்டவிரோதக் குடியேறி'. 2019ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளை மட்டும் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை. அதே ஆளுக்குத் தமிழக அரசு மாதப் பணமும் அரிசியும் கொடுக்கிறது, 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அரவணைத்துப் பேச விரும்புகிறவர் 'தொப்புள்கொடி உறவு' என்பார், விரட்டிப் பேச விரும்புகிறவர் 'சட்டவிரோதம்' என்பார். இரண்டுக்கும் காகிதம் இருக்கிறது. பரிவாகப் பேசுகிறவரிடமும் "குடியுரிமைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டே ஆக வேண்டும். நாற்பது ஆண்டுகளாகக் கண்ணீர் மேடைகளுக்குக் குறைவில்லை. முகாமில் பிறந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட்தான் இல்லை.

பேச்சைக் குறித்துக்கொள்ளும் முறை

ஒரு நோட்டில் பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் பேச்சாளர் தொடும் குறை, இரண்டாவதில் அதற்கு அவர் சொல்லும் காரணம், மூன்றாவதில் அவர் தரும் தீர்வு. சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். உங்கள் மொழியில் மாற்றி எழுதினால் பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று தப்பிவிடுவார். போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். நாள், நேரம், இடம், பேசியவர் பெயர், கட்சிப் பொறுப்பு ஆகியவற்றைக் கூட்டம் முடிவதற்குள் எழுதிவிடுங்கள்.

முதல் கட்டத்தில் இருப்பது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் நீளும் வரிசை, ரப்பர் விலை, தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் கவிழும் வள்ளங்கள், கடலரிப்பு, படித்தும் வேலை இல்லாத பிள்ளைகள். இவை எதுவும் கற்பனை இல்லை. அதனால் பயப்படுகிறவரை முட்டாள் என்று நினைக்காதீர்கள். தவறு இரண்டாவது கட்டத்தில் நுழைகிறது. அங்கே ஒரே ஒரு கேள்வி போதும்: நாளைக் காலை இந்த நான்கு முகாமும் காலியாகிவிட்டால் இந்தக் குறை தீருமா? ரப்பர் விலை உலகச் சந்தையையும் இறக்குமதிக் கொள்கையையும் பொறுத்தது. முகத்துவாரம் மணல் மூடுவது அலைத்தடுப்புச் சுவர் வடிவமைப்பையும் தூர்வாரலையும் பொறுத்தது. ஆஸ்பத்திரி வரிசை டாக்டர், நர்ஸ் பணியிடங்களைப் பொறுத்தது. ஒவ்வொரு குறையையும் இந்தக் கேள்வியில் போட்டுப் பார்த்துவிட்டால், யாரிடம் கேட்க வேண்டியதை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும், அல்லது "விரட்டுவோம்" என்று மட்டும் இருக்கும்.

எண்ணைக் கேட்டால் வகுத்துப் பாருங்கள்

தனி எண் எப்போதும் பெரிதாகத் தெரியும். 2021 ஆகஸ்டில் முகாம்களுக்காக 317 கோடியே 40 லட்சம் ரூபாய் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. "அகதிக்கு 317 கோடி, உனக்கு?" என்று ஒருவர் முழங்கினால் கூட்டம் கொதிக்கும். மூன்று முறை வகுக்க வேண்டும்.

முதலில் ஆளுக்கு எவ்வளவு. அப்போது 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். தலைக்கு ஏறத்தாழ 54,000 ரூபாய் வருகிறது. அடுத்து, அது ஒருமுறைச் செலவா மாதச் செலவா. இதில் 231 கோடியே 54 லட்சம் ரூபாய் 7,469 வீடுகளைக் கட்டித் தர, அதாவது ஒருமுறைச் செலவு. கடைசியாக மொத்தத்தில் எவ்வளவு. அந்த ஆண்டு மாநிலத்தின் வருவாய்ச் செலவு இரண்டரை லட்சம் கோடிக்கும் மேல். ஆயிரம் ரூபாயில் சுமார் ஒன்றேகால் ரூபாய்தான் இது.

மாத உதவித்தொகையையும் இப்படியே பாருங்கள். அந்த அறிவிப்பின்படி குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 500. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மாதம் 3,500. ஆளுக்கு நாளொன்றுக்கு முப்பது ரூபாய்கூட இல்லை. மீதியைப் பெயிண்ட் அடித்தும் கூலி வேலை பார்த்தும்தான் தேடிக்கொள்கிறார்கள்.

ஆட்கணக்கிலும் ஏமாற வேண்டாம். 1983 முதல் வந்தவர்கள் மொத்தம் 3,04,269 பேர் என்று அரசு சொன்னது. மேடையில் இந்த எண்தான் வரும். இப்போது இருப்பவர் எண்ணிக்கை வராது. பலர் திரும்பிப் போய்விட்டார்கள். 2021 கணக்கில் முகாமில் இருப்பவர்களையும் வெளியே பதிவு செய்து வாழ்ந்த 34,087 பேரையும் சேர்த்தாலும், 2011 மக்கள்தொகைப்படி தமிழ்நாட்டில் பத்தாயிரம் பேருக்குப் பதின்மூன்று பேர்.

வெளிநாட்டுச் செய்திக்கும் இதே வகுத்தல்தான். 2022இல் சிறு படகுகளில் பிரிட்டன் சேர்ந்தவர்கள் 45,755 பேர். அந்த ஆண்டு எல்லா வழியிலும் அங்கே குடியேறியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். நூறில் ஏறத்தாழ நான்கு பேரைக் காட்டிவிட்டு மொத்தக் குடியேற்றத்தையும் அதுதான் என்று நம்பவைக்கிறார்கள். மீதித் தொண்ணூற்றாறு பேரில் நம் ஊர்ப் பிள்ளைகளும் அடக்கம் என்பதைக் குடும்ப குரூப்பில் நினைவூட்டலாம். படகைக் காட்டிக் கிளப்பிய கோபம் விசாவில் போனவரையும் விடாது. கேர் ஹோம் வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்வதை 2024 மார்ச்சில் பிரிட்டன் தடை செய்தது.

"பணக்கார நாடெல்லாம் அகதியால் மூழ்குகிறது" என்ற பேச்சுக்கு: 2024 இறுதிக் கணக்கில், நாட்டை விட்டு வெளியேறி சர்வதேசப் பாதுகாப்பு தேவைப்படுவோரில் நூற்றுக்கு 73 பேர் வறிய, நடுத்தர வருவாய் நாடுகளில்தான் இருக்கிறார்கள் என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையம்.

படமும் வீடியோவும்

2016 ஜூனில் பிரிட்டனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, விலகல் தரப்பு அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் ஒரு சுவரொட்டியை வெளியிட்டார். நீண்ட வரிசையில் நடந்து வரும் மக்கள், மேலே 'உடையும் நிலை' என்ற பொருளில் பெரிய எழுத்து. அந்தப் படம் 2015 அக்டோபரில் ஸ்லோவேனியா எல்லையில் எடுத்தது. படம் பொய்யில்லை, மக்களும் பொய்யில்லை. அது பிரிட்டன் இல்லை என்பது மட்டும்தான் மறைக்கப்பட்டது. வெட்டி ஒட்டிச் செய்த பொய்ப் படத்தை விட இடம் மாற்றிய உண்மைப் படத்தைப் பிடிப்பது கடினம்.

இதைவிட ஆழமாகப் படிக்க வேண்டியது ஆஸ்திரேலியாவின் 2001 தேர்தல். அக்டோபர் 5இல் தேர்தல் அறிவிப்பு. இரண்டு நாள் கழித்து, படகில் வந்த புகலிடம் கோருவோர் தங்கள் பிள்ளைகளைக் கடலில் வீசுகிறார்கள் என்று குடியேற்ற அமைச்சர் சொன்னார். அக்டோபர் 10இல் ஆதாரமென்று படங்கள் வந்தன: தண்ணீரில் தத்தளிக்கும் மக்கள். அந்தப் படங்கள் அக்டோபர் 8இல் படகு மூழ்கியபோது, கடற்படையினர் அவர்களைக் காப்பாற்றியபோது எடுத்தவை. நவம்பர் 10இல் வாக்குப்பதிவு, ஆளும் கூட்டணி வெற்றி. எந்தப் பிள்ளையும் வீசப்படவில்லை என்று செனட் குழு முடிவு சொன்னது 2002இல். கடலில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு தத்தளிப்பது எப்படி இருக்கும் என்று முட்டத்திலும் தூத்தூரிலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காட்சியைப் பிள்ளையை வீசிய காட்சியாக விற்க முடிந்தது, தேதியும் சூழலும் வெட்டப்பட்டதால்.

ஆகவே படத்தைச் சோதிக்கும்போது 'உண்மையா பொய்யா' என்று தொடங்காமல் 'எங்கே, எப்போது, இதற்கு முன்னும் பின்னும் என்ன' என்று தொடங்குங்கள். வீடியோவை நிறுத்தி மூன்று நான்கு இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டிய எழுத்தையும் லோகோவையும் வெட்டிவிட்டு கூகுள் லென்ஸில் தேடுங்கள். எழுத்தோடு தேடினால் அதே வதந்தியின் பிரதிகள்தான் வந்து நிற்கும். கிடைப்பதில் மிகப் பழைய தேதி உள்ளதைத் திறங்கள். ஒன்றும் கிடைக்கவில்லையா, படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடியும் தேடுங்கள். தேடலை ஏமாற்ற அப்படித் திருப்பி அனுப்புவது வழக்கம். பிறகு கண்ணால் பார்க்க வேண்டியவை: வண்டி நம்பர் (நம் மாவட்டம் என்றால் பெரும்பாலும் டி.என்.74 அல்லது டி.என்.75), பஸ் நிறம், கடைப் பலகை மொழி, போலீஸ் சீருடை. கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நடந்ததை இந்தப் பக்கம் நடந்ததாகக் காட்டுவது எளிது, நிலமும் தென்னையும் ஒன்றுபோல இருப்பதால். பேச்சு இருந்தால் வாயசைவோடு ஒலி சேர்கிறதா என்று பாருங்கள்.

2023 மார்ச்சில் நாமே இதன் மறுபக்கத்தில் இருந்தோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று வேறு இடங்களில் வேறு காரணத்துக்காக நடந்த வன்முறைகளின் வீடியோக்கள் சுற்றின. பீகார் சட்டமன்றமே அமளியானது. நம்மைக் கொலைகாரர்கள் என்று சொன்ன அதே உத்திதான் முகாம்காரரைத் திருடன் என்று சொல்ல வரும்போதும் பயன்படுகிறது.

ஒருவர் குற்றம், எல்லார் தலையில்

2024 ஜூலை 29இல் இங்கிலாந்தின் சவுத்போர்ட் ஊரில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். குத்தியவன் படகில் வந்த புகலிடம் கோரி என்று சில மணி நேரத்தில் பரவியது. அவன் கார்டிஃப் நகரில் பிறந்தவன். அந்த உண்மை பரவுவதற்குள் கலவரம் தொடங்கிவிட்டது, ஆகஸ்ட் 4இல் ராதரம் அருகே புகலிடம் கோருவோர் தங்கியிருந்த ஓட்டலுக்கு உள்ளே ஆள் இருக்கும்போதே தீ வைக்க முயன்றார்கள். வதந்திக்கு எதிரான வேலையில் முதல் சில மணி நேரம்தான் எல்லாம். 1982இல் மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த மாவட்டத்துக்கு இதை அதிகம் சொல்ல வேண்டாம்.

நம் முகாம்களுக்கு இந்த நிழல் 1991 மே 21இலிருந்து தொடர்கிறது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அதில் எந்தத் தொடர்பும் இல்லாத பல்லாயிரம் குடும்பங்கள் கண்காணிப்புக்குள் வந்தன. கனடாவில் 2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 தமிழர்கள் போய் இறங்கினார்கள். கப்பல் கரை சேருமுன்பே அதில் பயங்கரவாதிகள் இருக்கலாம் என்று அமைச்சர் பேசினார். வந்தவர்களில் 49 பேர் குழந்தைகள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அகதி யாரும் குற்றமே செய்ய மாட்டார்" என்று பதில் சொல்லாதீர்கள். அது உண்மையல்ல, ஒரு வழக்கு வெளிவந்தாலே உங்கள் பேச்சு முழுதும் பொய்யாகிவிடும். குற்றம் செய்தவருக்குத் தண்டனை, அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை என்று சொல்லுங்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் துபாயில் திருடினால் எல்லாக் குமரிக்காரரையும் அனுப்பிவிடலாமா என்று கேளுங்கள், புரியும்.

யாருக்காகக் கட்டிய காட்சி

2015இல் ஹங்கேரி அரசு நாடெங்கும் பெரிய பலகைகள் வைத்தது: 'நீ ஹங்கேரிக்கு வந்தால் ஹங்கேரியர்களின் வேலையைப் பறிக்கக் கூடாது' என்று. எழுதியிருந்தது ஹங்கேரிய மொழியில். சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவருக்கு ஒரு எழுத்தும் புரியாது. படிக்க வேண்டியவர் உள்ளூர் வாக்காளர். எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் இதைக் கேளுங்கள்: இது யார் மொழியில், யார் கண்ணுக்கு?

புகலிடம் கோருவோரை ஆப்பிரிக்காவின் ருவாண்டாவுக்கு அனுப்பும் பிரிட்டனின் திட்டமும் இப்படித்தான். 2022 ஏப்ரலில் அறிவித்தார்கள், 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது, 2024 ஜூலையில் புதிய அரசு கைவிட்டது. சுமார் 70 கோடி பவுண்டு செலவானதாக அந்த அரசு சொன்னது. ருவாண்டா போனது நான்கு பேர், அதுவும் தாமாக ஒப்புக்கொண்டவர்கள்.

சொல்லும் ஒரு காட்சிதான். வெள்ளம், கூட்டம், படையெடுப்பு, பூச்சி. பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரன் 2015இல் பூச்சிக்கூட்டத்துக்குச் சொல்லும் சொல்லைப் பயன்படுத்தினார், அந்நாட்டு உள்துறை அமைச்சராக இருந்த சுயெல்லா பிரேவர்மன் 2022இல் 'படையெடுப்பு' என்றார், அமித் ஷா 2018இல் ஊடுருவியவர்களைக் கரையான் என்றார். கரையானுக்கு யாரும் விசாரணை நடத்துவதில்லை. இப்படி ஒரு சொல் வந்த இடத்தில் நோட்டில் அடிக்கோடு போடுங்கள்.

குடும்ப குரூப்பில் பேசும் விதம்

குரூப்பில் எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள். பெரியவருக்கு மானப் பிரச்சினையாகிவிடும். தனியாக அனுப்புங்கள், முடிந்தால் போனில் கூப்பிடுங்கள். "சித்தப்பா, நீங்க அனுப்பின வீடியோ எந்த ஊர்ல எடுத்ததுன்னு பாத்தியளா? நான் தேடிப் பாத்தேன், வேற ஊரு, மூணு வருசம் பழசு" என்றால் போதும். அவர் பயத்துக்கு என்ன காரணம் என்று கேளுங்கள். பேரனின் விசா, மகளின் வேலை, இப்படி ஏதாவது இருக்கும். அதைப் பற்றிப் பேசுங்கள். குரூப்பிலிருந்து அந்தச் செய்தியை நீக்குவதை அவர் கையாலேயே செய்ய விடுங்கள்.

மறுக்கிறேன் என்று பொய்ப் படத்தையே மறுபடி போடாதீர்கள். படம் மட்டும் மனதில் நிற்கும், உங்கள் மறுப்பு நிற்காது. போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் குறுக்கே பெரிதாகப் 'பொய்' என்று எழுதிய பிறகு போடுங்கள்.

முகாம்காரரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள், அவர் படத்தைப் பதிலுக்குப் பரப்பாதீர்கள். கூட்டம் முடிந்ததும் நீங்கள் வீட்டுக்குப் போவீர்கள். அவரை, முகாம்களைக் கண்காணிக்கும் போலீஸின் க்யூ பிரிவு விசாரிக்கும். அவர் வீடும் பிள்ளையின் பள்ளியும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இது நல்லெண்ணத்தோடு செய்யப்படும், ஆனால் மிகக் கெடுதலான தவறு.

புகாரும் தகவல் மனுவும்

தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகார் செய்யலாம். அங்கேயே எடுத்த படத்தையோ இரண்டு நிமிடத்துக்குள்ளான வீடியோவையோ ஏற்கும். கேலரியில் இருப்பதை ஏற்றாது. அதனால் கூட்டத்துக்குப் போகும்போதே செயலியைத் திறந்து வையுங்கள்.

இங்கே பலரும் சறுக்கும் இடம்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3ஏ), 125 ஆகிய பிரிவுகள் 'இந்தியக் குடிமக்களின்' பிரிவினருக்கிடையே பகை மூட்டுவதைத்தான் சொல்கின்றன. குடியுரிமை இல்லாதவருக்கு எதிரான பேச்சுக்கு அதை மட்டும் நம்பி மனு எழுதினால் தள்ளிவிட வாய்ப்புண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவு (பிறப்பிடம், வசிப்பிடம், மொழி முதலியவற்றின் பேரில் பகை மூட்டுதல்), 353ஆவது பிரிவு (அச்சம் விளைவிக்கும் பொய்ச் செய்தி, வதந்தி) ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஆதாரத்தில் அனுப்பியவர் எண், குரூப் பெயர், தேதி, நேரம் நான்கும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் வேண்டும். அசல் செய்தியைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

எண்ணைப் பற்றிய சண்டை என்றால் தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். அந்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே. முகாமில் இருப்பவர் தன்னைப் பற்றிய கணக்கைக்கூட இதில் கேட்க முடியாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். நாகர்கோவில் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். "அகதிகளுக்கு எவ்வளவு செலவு?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: குறிப்பிட்ட நிதியாண்டில் மாவட்டத்திலுள்ள மறுவாழ்வு முகாம் ஒவ்வொன்றிலும் உள்ள குடும்பங்கள், நபர்கள், மாத உதவித்தொகையாக வழங்கிய மொத்தம், வீடு கட்ட ஒதுக்கியது, செலவழித்தது, முடிந்த வீடுகள். தனி ஆட்களின் பெயரைக் கேட்காதீர்கள். மறுக்கவும் அது காரணமாகும், அவர்களுக்கு ஆபத்தும் ஆகும். கூடவே, பேச்சாளர் எந்தக் குறையைச் சொன்னாரோ அதற்குத் தனி மனு: ஆஸ்பத்திரி என்றால் அனுமதிக்கப்பட்ட டாக்டர், நர்ஸ் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை என்று அந்தத் துறைக்கு. இரண்டு பதிலையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

பதில் தர 30 நாள் அவகாசம். வரவில்லை என்றால் அந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதே அலுவலக மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. தேர்தல் தேதிக்கு மூன்று மாதம் முன்பே மனுவைப் போட்டால்தான் பதில் கையில் இருக்கும்.